பூ வைக்காத கோடை

நேற்றுக் காலை நடை முடிந்து மைதானத்துச் சிமெண்டுப் பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தர் சொன்னீர்கள்: "இந்தப் படபடப்பு, மனசு சரியில்ல, டாக்டரப் பாக்கணும்கிறதெல்லாம் இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குத்தான். நமக்கெல்லாம் எங்க வந்துச்சு? அம்புட்டு வேல கெடந்துச்சு." மற்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். நான் முட்டிவலித் தைலத்துக்குப் பேச்சைத் திருப்பிவிட்டேன். வாதாடத் தெம்பில்லை, வயிறு வேறு பசித்தது.

வீட்டுக்கு வந்து இட்லி தின்ற பிறகு மனசு கேட்கவில்லை. போன மாதம் பெங்களூரில் என் பேத்திக்கு ஆபீசில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டதாம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சினிமாத் திரையில் இருப்பதுபோலத் தெரிந்தார்களாம். அவள் குரலே அவளுக்கு எங்கோ தூரத்தில் கேட்டதாம். டாக்டர் அதற்கு ஒரு பேர் சொல்லியிருக்கிறார். அந்த ஆங்கிலப் பேர் என் வாயில் நுழையவில்லை. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு அடையாளமும் எனக்குப் பழைய சொந்தக்காரர்கள் மாதிரித் தெரிந்தது. ஆகவே இதை எழுதி உங்கள் வாட்ஸப்பில் போடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் பாதியில் ஓடக்கூடாது.

எனக்கு வந்துச்சு, தாய்மார்களே. பதினொரு வயதில் வந்துச்சு.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம், ஒரு கிணறு, ஒரு மோட்டார். விடியும் முன்னே மொட்டுப் பறித்து, மூங்கில் கூடையில் கொட்டி, ஈரத்துணி போட்டு மூடி, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். மல்லிகை வெயிலுக்குக் காத்திருக்காது. ஒரு மணி நேரம் தாமதித்தால் மலர்ந்து தொலைத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் சாவகாசமாகப் பல் தேய்த்ததே கிடையாது. அது பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. முதுகு வலிக்கும், கட்டெறும்பு கடிக்கும், தூக்கம் பற்றாது.

வீட்டில் அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி, அப்பாவின் அக்கா. அந்த அத்தைதான் வீட்டுக்குப் பிரதம மந்திரி. அம்மா ஒட்டன்சத்திரத்துக்கும் அந்தப்பக்கம் பிறந்தவள். "ஏனுங்க" என்று அவள் அப்பாவைக் கூப்பிடுவதை அத்தை பன்னிரண்டு வருஷமாக நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் நான் ஐந்தாவது முடித்திருந்தேன். திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாவதுக்கு அப்பா இடம் வாங்கிவிட்டார். எங்கள் தெருவிலிருந்து டவுனுக்குப் படிக்கப் போகும் முதல் பெண் நான்தான். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தைத்து வந்து ஆணியில் தொங்கின. கீழே ஒரு அலுமினியப் பெட்டி. அதைத் திறந்து திறந்து மூடுவதே அப்போது எனக்கு வேலை. அந்தத் தாழ்ப்பாள் "டக்" என்று விழும் சத்தம் அவ்வளவு பிடிக்கும்.

லீவு விட்ட முதல் வாரத்தில் தம்பி கிணற்றில் விழுந்தான்.

நான் மடி நிறைய மொட்டோடு நின்றிருந்தேன். அவன் தட்டான் பிடிக்க ஓடினான். ஓடிக்கொண்டிருந்தவனைத் திடீரென்று காணோம். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே குதித்தார். தூக்கி வந்து தலைகீழாகப் பிடித்ததும் அவன் தண்ணீரைக் கக்கி, அழுது, பிறகு பொரி உருண்டை கேட்டான். அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், அழுதார்கள். ஊரே வந்து அவனைத் தொட்டுப் பார்த்தது. சாயங்காலம் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை. என்னை யாரும் எதுவுமே கேட்கவில்லை. நான் இருட்டும்வரை மடியை அவிழ்க்காமல் இருந்திருக்கிறேன். மொட்டெல்லாம் மலர்ந்து கசங்கிப் போனதைப் பார்த்துத்தான் அத்தை பிடுங்கி எறிந்தாள்.

அதற்குப் பிறகு தம்பி கண்ணுக்குத் தெரியாவிட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வியர்க்கும். அவன் தூங்கும்போது மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். அவன் முழித்து அலறுவான், எனக்கு அடி விழும். அதெல்லாம் பரவாயில்லை. அடுத்து வந்ததுதான் மோசம்.

ஒரு மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தேன். கத்தரிக்காய் வெஞ்சனம். பிசைகிற கையைப் பார்த்தேன். அது என் கை இல்லை. யாருடையதோ கை சோற்றைப் பிசைகிறது, யாருடைய வாய்க்கோ கொண்டு போகிறது, நான் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன். அத்தை பேசுவது கேட்டது, ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்பதுபோல இருந்தது. பிறகு அது தினமும் வந்தது. அப்பாவோடு ஒருநாள் டவுனுக்குப் போனபோது திண்டுக்கல் மலைக்கோட்டை காலண்டர் படம் மாதிரித் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் கிழிந்துவிடுமோ என்று பயந்தேன்.

இதை எப்படிச் சொல்வது? வயிற்றுவலி என்றால் வயிற்றைக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவது?

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருநாள் அம்மா எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். முகம் தெரிந்த முகம்தான். மூக்குத்தி அதே மூக்குத்திதான். ஆனால் அம்மா இல்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது: "நீ எங்கம்மாதானா?"

சீப்பு கீழே விழுந்தது. அத்தை அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

அத்தைக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. அவள் ஆட்சியில் எதற்கும் இரண்டாவது காரணம் கிடையாது. "கிணத்துல இருக்கறது தம்பிய விட்ருச்சு, இவளப் புடிச்சிருச்சு. உச்சி வெயில்ல மடி நெறைய மல்லிகைய வச்சுக்கிட்டு நின்னா விடுமா? பூ வாடைக்கே வரும்டா அதெல்லாம். இவள டவுனுக்கு வேற அனுப்பப் போறியா? நடுவழியில எறங்கி எங்கயாச்சும் போனா யாரு பாக்குறது?"

அப்பா ஆணியில் தொங்கிய நீலப் பாவாடையைப் பார்த்தார். "கோடாங்கியக் கூப்புடுவோம். பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள சரியாச்சுன்னா போகட்டும். இல்லாட்டி வீட்ல இருக்கட்டும்" என்றார். எங்கள் பக்கம் பேய் ஓட்ட உடுக்கை அடிப்பவரைக் கோடாங்கி என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து என் பயம் இரண்டாயிற்று. நான் எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அதுவும் ஜூன் மாதத்துக்குள்.

கோடாங்கி நல்ல மனிதர். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் சிவந்திருக்கும். வந்ததும் எனக்குக் கொஞ்சம் அவல் கொடுத்தார். பிறகு சாம்பிராணி போட்டு, உடுக்கையை என் காதுக்கு அருகே அடித்து, கண்ணை உருட்டிக் கேட்டார்.

"யாரு நீ? வாயத் தொறந்து சொல்லு. யாரு நீ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்துப் பதினைந்து நாளாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. என் மனசுக்குள் இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது? உள்ளதைச் சொல்வோம் என்று, "தெரியல" என்றேன்.

"சொல்ல மாட்டேங்குது. அழுத்தக்காரி" என்றார் கோடாங்கி. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி கேட்டார். மறுபடி தெரியல. கடைசியில் அவருக்கே கை வலித்திருக்க வேண்டும். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஒன்று கட்டிவிட்டு, "பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் பூ வாடை ஆகாது. தொடக்கூடாது, தலையில வைக்கக்கூடாது, மோந்து பாக்கக்கூடாது. பூ இல்லாட்டி அதுக்கு இங்க என்ன சோலி? தானா எறங்கிப் போயிரும்" என்றார்.

பூக்காரர் வீட்டில் இதைச் செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது. கூடத்தில் பூ கொட்டியிருந்தால் கூடத்துக்கு வரக்கூடாது. அம்மாவும் அத்தையும் தலையில் பூ வைப்பதை நிறுத்தினார்கள். சாமி படங்கள்கூட மொட்டையாக இருந்தன. என்னை மாட்டுக்கொட்டகையை ஒட்டின சாய்ப்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே உர மூட்டையும் கடலைச் சாக்கும்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பிறந்ததிலிருந்து மூக்கில் இருந்த வாசம் ஒன்று போனதும், மிச்சம் இருந்த கொஞ்சநஞ்ச உலகமும் போய்விட்டது. கையைக் கிள்ளினால் வலி தூரத்தில் இருந்தது. அத்தை கதவு வழியாக எட்டிப் பார்த்து, "எறங்க மாட்டேங்குதே" என்று கவலைப்படுவாள். உண்மையான கவலைதான். ராத்திரி எனக்காக எழுந்து வேப்பெண்ணெய் விளக்குக்குத் திரி தூண்டிவிட்டுப் போனவள் அவள்தான். அன்பாகத்தான் என்னைப் பூட்டி வைத்தாள்.

வைகாசி முகூர்த்தங்கள் வந்தன. செடியெல்லாம் வெள்ளை வெளேர் என்று மொட்டுக் கட்டி நிற்கிறது. ஒரு முகூர்த்த நாள் அன்றைக்குப் பார்த்துப் பூப் பறிக்கும் பெண்கள் யாரும் வரவில்லை. அவர்கள் ஊரில் திருவிழா. அத்தை சின்னாளப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அம்மா சாய்ப்பு அறைக் கதவைத் திறந்தாள். கையில் ஒரு பழைய துண்டு.

"வா கண்ணு. மடி கட்டிக்க."

"அத்தை..."

"அத்தை இங்கயா இருக்காங்க? வா. வெயில் ஏறிரும்."

செடிக்குள் கையை விட்டேன். விடிகாலை ஈரத்தில் மொட்டு ஜில்லென்று இருந்தது. முதல் பிடி, இரண்டாவது பிடி, ஒன்றும் தெரியவில்லை. யாரோ பறிக்கிறார்கள். பிறகு மூக்கு விழித்துக்கொண்டது. பிறகு விரல் நுனி. கட்டெறும்பு ஒன்று கட்டைவிரல் இடுக்கில் நறுக்கென்று கடித்தது பாருங்கள், "ஐயோ அம்மா" என்று கத்தினேன். கத்தினது நான்! என் தொண்டையிலிருந்தே வந்தது. மோட்டார் ஓடும் சத்தம் பக்கத்தில் வந்தது. செடி பச்சையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அடுத்த வரிசையில் எங்கம்மா. மூக்குத்தி போட்ட எங்கம்மா.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா கண்ணு?" என்றாள்.

எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியிலேயே அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓவென்று அழுதேன். அவள் பறிப்பதை நிறுத்தாமலே பேசினாள், பூ காத்திருக்காதே.

"எனக்கும் இருந்துச்சு. கட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வந்த புதுசுல. அடுப்புல பால் பொங்கும், பாத்துட்டே நிப்பேன். ஆரு வீட்டு அடுப்போன்னு இருக்கும். உங்கப்பா பேசுனா ஆரோ ஆருகிட்டயோ பேசுற மாதிரி இருக்கும். செத்துப் போயிட்டனோன்னு நெனச்சுக்குவேன்."

"அப்பறம்?"

"ஆட்டாங்கல்லுல உக்காந்தா வந்துருவேன். அந்தக் கனம் கைக்கு ஏறும்ல, அப்ப வந்துருவேன். அது பேயில்ல சாமி. பயந்தா மனசு கொஞ்சம் தள்ளிப் போயி நின்னுக்குது. மழைக்கு ஒதுங்கற மாதிரி. ஏன் ஒதுங்குனேன்னு அதை அடிக்கக் கூடாது. வந்துரும்."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"ஒருக்காச் சொன்னேன். கோடாங்கியக் கூப்புடட்டுமான்னாரு. அதோட விட்டுட்டேன்." அம்மா சிரித்தாள்.

அன்றிலிருந்து அம்மா ஒரு திருட்டு வேலை ஆரம்பித்தாள். ஈரத் துணியில் கொஞ்சம் மொட்டை முடிந்து, கடலைச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவாள். நெஞ்சு அடிக்க ஆரம்பித்தால் நான் அதைக் கையில் பொத்திக்கொள்வேன். மொட்டை ஒவ்வொன்றாக உருட்டுவேன். காம்பு எது, இதழ் எது என்று விரலாலே பார்ப்பேன். சில நாள் உடனே வருவேன். சில நாள் நேரமாகும். வராமல் இருந்ததில்லை. அது வந்து போகிற ஒன்று என்று தெரிந்ததுமே பாதிப் பயம் போய்விட்டது.

நான் சிரிக்க ஆரம்பித்தேன், தம்பியை அடிக்க ஆரம்பித்தேன், இரண்டாவது தடவை சோறு கேட்டேன். அம்மா முகத்தை ரொம்ப அப்பாவியாக வைத்துக்கொண்டு அத்தையிடம், "கயிறு நல்லா வேல செய்யுதுங்க அண்ணி" என்றாள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. கோடாங்கிக்கு வேட்டியும் ஒரு சேவலும் போயின. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அவர் பேர் பரவியதற்கு நானும் ஒரு காரணம்.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் பூ வாங்க ஓடாதீர்கள். இருபத்தைந்து வயதில், என் மகள் பிறந்த பிறகு, அது மறுபடி வந்தது. பலமாக வந்தது. அந்தத் தடவை மொட்டுக்கு மசியவில்லை. மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். மாத்திரை கொடுத்தார், மாதக்கணக்கில் உட்கார்த்திப் பேச வைத்தார். கிணற்றுக் கதையை முதல்முதலாக அவரிடம்தான் முழுதாகச் சொன்னேன். "அன்னைக்கு உங்ககிட்ட யாராவது, நீ பயந்துட்டியான்னு கேட்டாங்களா?" என்றார். அதற்குத்தான் ரொம்ப நேரம் அழுதேன். சரியாயிற்று. இப்போதும் எப்போதாவது வரும், வந்த சுருக்கில் போகும். பேத்தியின் டாக்டரும், அது வரும்போது கையில் ஜில்லென்று எதையாவது பிடி, அதைத் தடவிப் பார், மோந்து பார் என்றுதான் சொல்லியிருக்கிறாராம். எங்கம்மா பீஸ் வாங்காமல் சொன்னாள் என்று பேத்தியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முன்னால் நடந்தது. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள்.

நீலப் பாவாடை, அலுமினியப் பெட்டி, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அம்மா வாசலில் நின்று, "கயிறு இருக்கு, பயமில்ல" என்று அப்பா காதில் விழும்படி உரக்கச் சொன்னாள். பாவாடை மடிப்பில் மொட்டு முடிச்சைச் செருக அவள் மறக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறுகிற நெரிசலில் அது எங்கோ விழுந்துவிட்டது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கால்களுக்கு நடுவே பூக்கூடை. ஊர் எல்லை தாண்டியதும் வந்துவிட்டது. நெஞ்சு அடித்தது. ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் படமாயிற்று. பஸ் சத்தம் தூரமாயிற்று. இடுப்பைத் தடவினேன், முடிச்சு இல்லை. அழுதால் அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிக் கூட்டிப் போய்விடுவார், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. முன்னால் டிரைவர் முதுகைப் பார்த்தபடியே என் கையைப் பிடித்தார். ஈரத்துணியை விலக்கி, மணிக்கட்டு முங்கும்வரை கூடைக்குள் அமுக்கினார். கறுப்புக் கயிறும் சேர்ந்து பூவுக்குள் போயிற்று.

"உங்கம்மாவுக்கு ஆட்டுக்கல்லு. ஒனக்கு இது" என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

"வந்த புதுசுல மாவு ஆட்டி முடிச்ச பொறவும் ஆட்டிக்கிட்டே இருப்பா. வெறுங்கல்ல. எங்கக்கா திட்டுவா. நான் பாக்காத மாதிரி போயிருவேன். அன்னைக்கு நீ பூப் பறிச்சப்பவும் வரப்புலதான் நின்னேன்."

"அப்பறம் ஏம்ப்பா கோடாங்கியக் கூப்புட்டீக?"

அவர் என் கையைச் சுற்றி ஈரத்துணியை இழுத்து மூடினார். "எனக்கு வேற யாரத் தெரியும் தாயி? தம்பி விழுந்தப்பக் குதிச்சுட்டேன். நீ விழுந்தது எங்கன்னே தெரியல. பயந்து போயிட்டேன்."

பிறகு, "நான் பாத்தேன்னு உங்கம்மாட்டச் சொல்லிராத. கயிறுன்னே இருக்கட்டும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அப்பா ஏமாந்தார் என்று அம்மா கடைசிவரை நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று அப்பா கடைசிவரை ஏமாந்தவராகவே இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி இரண்டு பக்கத்து ரகசியத்தையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக வளர்ந்தேன்.

கூடைக்குள் விரலை மெல்ல அசைத்தேன். ஜில்லென்று மொட்டு, மொட்டுக்குக் கீழே மொட்டு. வாசம் வந்தது. பஸ் சத்தம் பக்கத்தில் வந்தது. தூரத்தில் மலைக்கோட்டை கனமாக, கல்லாக, தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

கண்டக்டர் வந்து நின்றார். அப்பாவைத் தினமும் பார்க்கிறவர். என்னைக் குனிந்து பார்த்து, "புதுசா இருக்கே. யாரு பாப்பா நீ?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான் இவுக மக. ஆறாவது படிக்கப் போறேன்."